நாவல் மரம் கற்பித்த பாடம்

ஒருவனுடைய நிலத்தைப் பறித்துக்கொண்டால், அவன் பாடுபட்டு வேறு நிலம் தேடிக்கொள்ளக் கூடும். அவனுடைய பொருளைக் கவர்ந்துகொண்டால், மீண்டும் உழைத்து ஈட்டிக்கொள்ளக் கூடும். ஆனால், "உன் முன்னோர் யார்? அவர்கள் இவ்வுலகிற்குச் செய்தது என்ன?" என்னும் கேள்விக்கு, "ஒன்றுமில்லை" என்று அவனே நாணித் தலைகுனியும்படி செய்துவிட்டால், அதன்பின் அவனை அடக்கியாள விலங்கும் சவுக்கும் தேவைப்படா. தன்னைத் தானே தாழ்வாக எண்ணும் மனம் ஒன்றே போதும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்களுக்கு இக்கொடுமை பல தலைமுறைகளாக இழைக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதுகோல் கொண்டு போராடினார் ஒருவர். நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாக இருந்து, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவருடைய பெயர் கார்ட்டர் காட்வின் உட்சன். இன்று ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் அந்நாட்டில் கடைப்பிடிக்கப்படும் கறுப்பின வரலாற்று மாதத்திற்கு வித்திட்டவர் அவரே. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் அவருடைய வாழ்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிரம்ப உண்டு.

பெயரையும் இழந்த மக்கள்

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்கக் கடற்கரைகளிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மக்கள் அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேரே உயிருடன் கரை சேர்ந்தனர். ஏனையோருக்குக் கடலே கல்லறையாயிற்று. பிழைத்தவருள் பெரும்பாலோர் பிரேசில் நாட்டிற்கும் கரிபியன் தீவுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பகுதிக்கு நேரே கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அவர்களுடைய வழிவந்தோர் பெருகி, 1860ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 39 லட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கு அடிமைகளாக இருந்தனர்.

இவ்வெண்களைக் காட்டிலும் கொடியது, இம்மக்கள் இழந்தவற்றின் கணக்கு. தாய்மொழி போயிற்று. தந்தை இட்ட பெயர் போயிற்று; எசமானன் இட்ட பெயரே பெயராயிற்று. அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவன் ஓர் ஊருக்கும் மனைவி மற்றோர் ஊருக்கும் விற்கப்பட்டனர். தாயின் மடியிலிருந்து பிள்ளை ஏலத்திற்குச் சென்றது. பாட்டனாரைப் பற்றிப் பேரனுக்குக் கதை சொல்ல ஒரு வீடு வேண்டும் அன்றோ? அந்த வீடே இவ்வாறு சிதறடிக்கப்பட்டது.

எழுத்தும் மறுக்கப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போரைத் தண்டிக்கும் சட்டத்தைத் தென் கரோலினா 1740ஆம் ஆண்டிலேயே இயற்றியது. 1831ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமையின் தலைமையில் கிளர்ச்சி எழுந்த பின்னர், தென்மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய சட்டங்கள் மேலும் கடுமையாயின. எழுதப் படிக்கத் தெரிந்த அடிமை தன் நிலையைச் சிந்திப்பான் என்பதை அடிமைகளின் உரிமையாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

உள்நாட்டுப் போருக்குப்பின் 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அப்போரில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினப் போர்வீரர்கள் வடபுலத்துப் படையில் சேர்ந்து போரிட்டிருந்தனர். ஆயினும் விடுதலைக்குப் பின்னர் எழுதப்பட்ட பாடநூல்களில் அவர்களைக் காண்பது அரிதாயிற்று. கறுப்பினத்தான் பாடநூலில் தோன்றினால், பருத்திக் காட்டில் குனிந்து நிற்கும் அடிமையாகவே தோன்றினான். விலங்கு கழன்ற கையில் இந்நூல்களே கொடுக்கப்பட்டன.

சுரங்கத்தில் கிடைத்த புதையல்

1875ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் உட்சன் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், தாய் ஆன் எலிசா. இருவரும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். வறுமை மிகுந்த குடும்பம். பள்ளி ஆண்டில் சில மாதங்களே நடைபெற்றது. எஞ்சிய நாள்களில் சிறுவர்கள் வயலில் உழைத்தனர். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் தம் பிள்ளைகளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கற்பித்தார். அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதும், கொண்ட கொள்கையை விட்டுக்கொடுப்பதும், தன் மக்களைக் காட்டிக்கொடுப்பதும் ஆன்மாவை இழப்பதற்கு ஒப்பாகும் என்பதே அப்பாடம்.

இளைஞரான உட்சன் தம் தமையனுடன் மேற்கு வர்ஜீனியாவுக்குச் சென்று, இரயில் பாதை போடும் வேலையிலும் பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் கூலியாளாகச் சேர்ந்தார். கரியும் புழுதியும் படிந்த அந்நாள்களில், அவருடைய வாழ்வைத் திருப்பிய ஒரு மனிதரை அவர் சந்தித்தார். ஆலிவர் ஜோன்ஸ் என்னும் அம்மனிதர் உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரர். சுரங்கத் தொழிலாளர் வந்து அமர்ந்து, தின்பண்டம் வாங்கி உண்டு, பேசிச் செல்வதற்குத் தம் வீட்டையே ஒரு கடையாக வைத்திருந்தார்.

ஜோன்சுக்கும் படிக்கத் தெரியாது. எனினும், கறுப்பினத்தார் எழுதிய நூல்களையும் செய்தித்தாள்களையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். உட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்று அறிந்ததும், நாள்தோறும் மாலையில் அவற்றை உரக்க வாசிக்கச் சொன்னார். அதற்குக் கூலி, அக்கடையில் விற்ற தின்பண்டங்களே. சுற்றிலும் அமர்ந்து கேட்டோருள் பழைய படைவீரர்கள் பலர் இருந்தனர். வாசிப்பு முடிந்ததும் அவர்கள் பேசத் தொடங்குவர். தாங்கள் நின்ற போர்க்களம், தங்கள் கண்முன் வீழ்ந்த தோழர்கள், தாங்கள் பட்ட பாடுகள் என ஒவ்வொன்றாக வெளிவரும். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு, எழுத்தறியாத அம்மனிதர்களின் நெஞ்சில் இருந்தது. இனத்தின் வரலாற்றில் தமக்கு ஏற்பட்ட ஆர்வம் அங்கேதான் ஆழம் பெற்றது என்று பிற்காலத்தில் உட்சன் நன்றியுடன் எழுதினார்.

20ஆம் வயதில்தான் அவர் ஹன்டிங்டன் நகரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்தார். சில ஆண்டுகளில் அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் ஆனார். கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியில் 1903ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த கல்லூரி அது. மறு ஆண்டே, இரு இனத்தாரும் ஒருங்கே படிப்பதைக் கென்டக்கி மாநிலம் சட்டமியற்றித் தடைசெய்தது. ஓராண்டு தாழ்ந்திருந்தால் அக்கல்லூரியின் கதவு அவருக்கும் மூடப்பட்டிருக்கும்.

ஆப்பிள் மரமும் நாவல் மரமும்

1903ஆம் ஆண்டின் இறுதியில் உட்சன் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்றார். அப்போது அத்தீவுகள் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தன. ஸ்பெயின் நாட்டவர் போய் அமெரிக்கர் வந்திருந்த காலம். பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். பாடநூல்கள் அமெரிக்கப் பாடநூல்கள்.

அங்கு அவர் கண்டது பின்னாளில் அவருடைய சிந்தனைக்கு அடித்தளமாயிற்று. அமெரிக்காவில் உயர்ந்த பயிற்சி பெற்று வந்திருந்த ஆசிரியர்கள், ஆப்பிள் மரத்தை உலுக்கிப் பழம் பொறுக்கும் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயன்றனர். வெப்ப மண்டலத்துச் சிறுவர்கள் ஆப்பிள் மரத்தைக் கண்டதில்லை. அவர்கள் விழித்தனர். பயிற்சி முறைகளை ஏட்டில் பயிலாத வேறோர் ஆசிரியரோ, லொம்பாய் மரத்தை உலுக்கும் பாட்டாக அதனை மாற்றிவிட்டார். லொம்பாய் என்பது வேறெதுவும் அன்று. நாம் நன்கு அறிந்த நாவல் மரமே. அம்மரத்தில் ஏறி உலுக்கி, நாக்கு நீலமாகும்வரை பழம் தின்ற பிள்ளைகள் உடனே உற்சாகத்துடன் பாடத் தொடங்கினர். வாசிப்பு வகுப்பில் அவ்வாசிரியர் அமெரிக்கத் தலைவர்களோடு நின்றுவிடவில்லை. அந்நாட்டு மக்களின் மாவீரரான ஹோசே ரிசாலின் வாழ்வைக் கற்பித்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தையும் கற்றனர், தங்களையும் அறிந்தனர்.

இந்நிகழ்ச்சியை உட்சன் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட, கறுப்பினத்தாருக்கு அளிக்கப்படும் தவறான கல்வியைப் பற்றிய தம் நூலில் எடுத்துரைத்தார். தம் நாட்டில் தம் இனத்துப் பிள்ளைகள் படித்த பள்ளிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களும் ஆப்பிள் மரத்தைத்தானே பாடிக்கொண்டிருந்தனர்! கிரேக்கரின் பெருமையும், உரோமரின் வெற்றியும், ஆங்கிலேயரின் இலக்கியமும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தால் அது இழிசொல்லாக இருந்தது. இவ்வாறு கற்றவன் எவ்வளவு உயரப் படிக்கிறானோ, அவ்வளவிற்குத் தன் மக்களை வெறுக்கக் கற்றுக்கொள்கிறான் என்பதே உட்சனின் குற்றச்சாட்டு. கல்வி பெறாததால் வந்த கேட்டைக் காட்டிலும், பெற்ற கல்வியால் வந்த கேட்டை அவர் கடுமையாகக் கண்டித்தார். பிறர் தள்ளி வைக்காமலே தானாகத் தள்ளி நிற்கும் மனிதனை உருவாக்குவது எவ்வகைக் கல்வி என்று அவர் கேட்டார்.

1915: பொய்க்கு எதிரே ஓர் ஏடு

நாடு திரும்பிய உட்சன், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1912ஆம் ஆண்டில் ஹார்வர்டில் வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் அவர் இரண்டாமவர். முதல்வர், 1895ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன் இவ்வளவு உயர்ந்தும், வாஷிங்டன் நகரில் கறுப்பினத்தாருக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் ஆசிரியராகவே அப்போது பணியாற்றி வந்தார்.

1915ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டில் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் பேசாப் படம் வெளிவந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தாரை மூடராகவும் கொடியவராகவும் காட்டி, அவர்களைக் கொன்று குவித்த முகமூடிக் கூட்டத்தை வீரர்களாகப் போற்றியது அப்படம். மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டனர். குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. பொய்யான வரலாறு எத்துணை விரைவாகப் பரவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாண்டின் கோடையில் சிக்காகோ நகரில், அடிமை விடுதலையின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. தங்கள் இனத்தாரின் சாதனைகளைக் காண ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் வந்து காத்துநின்றதை உட்சன் கண்டார். உணவுக்குப் பசித்தோர் போல அவர்கள் வரலாற்றுக்குப் பசித்திருந்தனர். அச்செப்டம்பர் திங்களிலேயே, கறுப்பினத்தாரின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் கழகம் ஒன்றைச் சிக்காகோவில் சில நண்பர்களுடன் சேர்ந்து நிறுவினார். 1916ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. 1921ஆம் ஆண்டில் பதிப்பகம் ஒன்றையும் தொடங்கினார். 'நீக்ரோ' என்னும் சொல் அக்காலத்தில் அவர்களே மதிப்புடன் வழங்கிய சொல்லாக இருந்தமையால், இதழின் பெயரிலும் அது இடம்பெற்றது. இன்று அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. கழகமும் பின்னர் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

அவர் திரட்டியவை வெறும் புகழுரைகள் அல்ல. பழைய நீதிமன்ற ஆவணங்கள், குடிக்கணக்குகள், கடிதங்கள், உயில்கள், கப்பல் பதிவேடுகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தார். சான்றில்லாத பெருமையை அவர் ஏற்கவில்லை. சான்றுள்ள பெருமையே ஏராளமாக இருந்தது. கல்வி மறுக்கப்பட்ட காலத்திலும் வானியல் கணக்கிட்டுப் பஞ்சாங்கம் வெளியிட்ட பெஞ்சமின் பானேக்கர் ஒருவர். தலைநகர் வாஷிங்டனுக்கு நிலம் அளந்த குழுவில் 1791ஆம் ஆண்டில் பணியாற்றியவரும் அவரே. ஏழெட்டு வயதில் 1761ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்ட சிறுமி பிலிஸ் வீட்லி, 1773ஆம் ஆண்டில் தம் கவிதை நூலை இலண்டனில் வெளியிட்டார். ஓர் அடிமைப்பெண் கவிதை எழுதியிருக்கக் கூடும் என்பதை உலகம் நம்பாது என அஞ்சி, பாஸ்டன் நகரப் பெருமக்கள் 18 பேர் கையொப்பமிட்ட சான்றுரையை அந்நூலின் முகப்பில் சேர்க்க வேண்டியதாயிற்று! சிக்காகோவில் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின மருத்துவர், கத்திக்குத்துப் பட்டவரின் இதயத்தைச் சூழ்ந்த உறையைத் தைத்து 1893ஆம் ஆண்டில் அவரைப் பிழைக்க வைத்தார். ஆப்பிரிக்க மண்ணிலோ, மாலி நாட்டு மன்னர் மன்சா மூசா 1324ஆம் ஆண்டில் மெக்காவுக்குச் சென்ற வழியில் கெய்ரோ நகரில் வாரி வழங்கிய பொன்னைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருந்தனர். இவையெல்லாம் இருந்தும் இல்லாதவைபோல் மறைக்கப்பட்டிருந்தன.

ஒரு வாரம் தொடங்கிற்று

ஆய்விதழை அறிஞர்கள் படிப்பர். சுரங்கத் தொழிலாளியும் சலவைத் தொழிலாளியும் அவர்தம் பிள்ளைகளும் படிப்பார்களா? இவ்வினாவிற்கு விடையாக, 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தை உட்சன் தொடங்கினார். அடிமை விடுதலையை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து, தப்பிவந்து, விடுதலைக்காக முழங்கிய பிரெடரிக் டக்ளஸ் தம் பிறந்தநாளாகக் கொண்டாடியது பிப்ரவரி 14. இவ்விரு நாள்களையும் மக்கள் முன்னரே கொண்டாடி வந்ததால், அவை அமைந்த வாரத்தையே அவர் தேர்ந்துகொண்டார்.

முதலாண்டிலேயே வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் கல்வித் துறைகள் ஒத்துழைத்தன. பள்ளிகளுக்குப் படங்களும், பாடக்குறிப்புகளும், சிறுவர் நடிப்பதற்கான நாடகங்களும் அனுப்பப்பட்டன. கறுப்பின மக்களின் கோவில்களில் ஞாயிறு வழிபாட்டின்போது இவ்வாரம் அறிவிக்கப்பட்டது. அடிமைக் காலத்தில் எகிப்தின் கொடுமையையும் மோசேயின் அழைப்பையும் தங்கள் கதையாகவே பாடி ஆறுதல் கண்ட மக்களல்லவா அவர்கள்? விடுதலையை நினைவுகூர்வது வழிபாட்டின் பகுதியே என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா இடங்களிலும் வரவேற்பு இருந்ததென்று எண்ணிவிடலாகாது. தென்மாநிலங்கள் சிலவற்றில் இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் வேலை இழக்க நேரிடும். 1930களில் லூசியானா மாநிலத்தில் ஒரு கறுப்பின ஆசிரியை, அரசு வகுத்த பாடத்திட்டத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, உட்சனின் நூலை மடியில் மறைத்து வைத்து மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவாராம். தலைமையாசிரியரின் காலடி ஓசை கேட்டதும் அவருடைய கண்கள் மேசைமேல் இருந்த ஏட்டிற்குத் திரும்பிவிடும். அவ்வகுப்பில் மாணவராக அமர்ந்திருந்தவர்கள் முதுமையிலும் அதை மறக்கவில்லை. அந்த ஆசிரியை போன்றோர் இல்லையேல், உட்சனின் நூல்கள் வாஷிங்டனிலேயே தூசி படிந்து கிடந்திருக்கும்.

ஏழைகளின் காசு

தொடக்கத்தில் வெள்ளையரின் பெரிய அறநிலையங்கள் சில கழகத்திற்குப் பொருளுதவி செய்தன. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் கழகத்தை இணைத்துவிடுமாறு அவை வற்புறுத்தியபோது உட்சன் மறுத்தார். தம் மக்களின் வரலாற்றைச் சொல்லும் உரிமை பிறர் கையில் போய்விடும் என்று அவர் அஞ்சினார். 1930களின் தொடக்கத்திற்குள் அவ்வுதவிகள் நின்றுபோயின. உலகப் பொருளாதார நெருக்கடி நிலவிய காலம் அது.

அப்போது கழகத்தைத் தாங்கியவர்கள் யார்? பள்ளி ஆசிரியர்கள், கோவில் சபைகள், மகளிர் சங்கங்கள், தொழிலாளர்கள். ஒரு டாலரும் இரண்டு டாலருமாக அவர்கள் அனுப்பினர். இளம் ஆய்வாளர் லொரென்சோ கிரீன், 1930ஆம் ஆண்டில் ஒரு பழைய மோட்டார் காரில் நூல்களை ஏற்றிக்கொண்டு, சில மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று விற்றார். 1936ஆம் ஆண்டில் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற மேரி மக்லியோட் பெத்தூன் அம்மையாரும் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவரே. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்குமென 1937ஆம் ஆண்டில் தனி இதழ் ஒன்று அவருடைய தூண்டுதலால் வெளிவந்தது. ஒரு பெரும் வரலாற்று இயக்கம் இவ்வாறு எளியோரின் காசில் வளர்ந்தது.

உட்சன் திருமணம் செய்துகொள்ளவில்லை. வாஷிங்டன் நகரின் 9ஆம் தெருவில் 1922ஆம் ஆண்டில் அவர் வாங்கிய வீட்டின் கீழ்த்தளம் அலுவலகமாகவும் புத்தகக் கிடங்காகவும் இருந்தது. மேல்தளத்தில் அவர் வாழ்ந்தார். கை நிறையப் புத்தகங்களுடன் தெருவில் நடந்து வரும் அவரைக் கண்டால், "புத்தகக்காரர் வருகிறார்" என்று அப்பகுதிச் சிறுவர்கள் சொல்வார்களாம். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், 74ஆம் வயதில், அவ்வீட்டிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. அந்த வீடு இன்று அந்நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது.

பெருமையா, உண்மையா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒவ்வோர் இனமும் தன் முன்னோரின் புகழையே பாடிக்கொண்டிருந்தால், மனித குலம் ஒன்றாவது எவ்வாறு? இனப்பெருமை இனவெறியாக மாறாதா? நல்ல கேள்விதான். உட்சனே இதற்கு விடை கூறியிருக்கிறார். கறுப்பினத்தாரின் வரலாறு என்று தனியே ஒன்றைக் கட்டுவதைவிட, உலக வரலாற்றில் கறுப்பினத்தாரின் பங்கை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். எவருடைய வரலாற்றிலிருந்தும் ஒரு பக்கத்தையும் கிழிக்க அவர் விரும்பவில்லை; கிழிக்கப்பட்ட பக்கங்களைத் திரும்ப ஒட்டவே விரும்பினார். வெள்ளையரின் பிள்ளைகளும் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அயலானைத் தாழ்ந்தவன் என்று நம்பி வளரும் பிள்ளையும் பொய்யையே உண்டு வளர்கிறான் அன்றோ? தாழ்த்தப்பட்டவனுக்குத் தாழ்வு மனம் நோய் என்றால், தாழ்த்தியவனுக்குச் செருக்கு நோய். இரண்டிற்கும் மருந்து ஒன்றே, அது உண்மை.

எல்லாப் பள்ளிகளிலும் ஆண்டு முழுவதும் இவ்வரலாறு உரிய முறையில் கற்பிக்கப்படும் நாள் வந்தால், தனியாக ஒரு வாரம் தேவைப்படாது என்றும் அவர் நம்பினார். வாரம் மறையவில்லை, மாதமாக விரிந்தது. 1970ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் பிப்ரவரி முழுவதையும் கடைப்பிடித்தனர். 1976ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கறுப்பின வரலாற்று மாதத்தை முறைப்படி ஏற்று அறிக்கை வெளியிட்டார். 1987ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் அக்டோபர் மாதம் இவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 2021ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மாநிலங்கள் பல, இனப்பாகுபாட்டைப் பற்றிப் பள்ளிகளில் எவ்வாறு கற்பிக்கலாம், எவ்வாறு கற்பிக்கலாகாது என்பதற்குக் கட்டுப்பாடுகளை விதித்துச் சட்டம் இயற்றியுள்ளன. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கென வகுக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கரைப் பற்றிய உயர்தரப் பாடத்திட்டம் ஒன்றை 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலம் ஏற்க மறுத்தது. கசப்பான வரலாறு பிள்ளைகளின் மனத்தை வருத்தும் என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. வருத்தும்தான். யோசேப்பை அவருடைய உடன்பிறந்தாரே விற்ற கதையும் கேட்போரை வருத்துகிறது. அதற்காக அந்தப் பக்கத்தை நாம் கிழித்தெறியவில்லை. விற்றவர்கள் அழுது தலைகுனிந்த பிறகே அக்குடும்பம் மீண்டும் ஒன்றாகிறது.

வீடே முதற்பள்ளி

பாஸ்கா இரவில், "இச்சடங்கின் பொருள் என்ன?" என்று பிள்ளை கேட்கும்போது தந்தை விடுதலையின் கதையைச் சொல்ல வேண்டும் என்பது இஸ்ரயேல் மக்களுக்கு இடப்பட்ட கட்டளை. அக்கடமை குருக்களிடம் மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. வீட்டுத் தலைவனிடம் ஒப்படைக்கப்பட்டது. நினைவு காக்கப்படும் முதல் இடம் வீடு என்பதை மறைநூல் அறிந்திருந்தது. அடிமை வணிகம் முதலில் உடைத்ததும் வீட்டைத்தான்.

உட்சனின் வாழ்வில் பட்டங்கள் பல உண்டு. எனினும் அப்பட்டங்களுக்கெல்லாம் முன்னே இருவர் நிற்கின்றனர்: எழுத்தறியாத தந்தை ஜேம்ஸ், எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளி ஆலிவர் ஜோன்ஸ். முன்னவர் தலைநிமிரக் கற்பித்தார். பின்னவர் தேடக் கற்பித்தார். தமக்குப் படிக்கத் தெரியாது என்று நாணி ஒதுங்காமல், படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவனை அமர்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்ட ஜோன்ஸ், ஒரு வரலாற்றாசிரியரை உருவாக்கியதை அறியாமலே உருவாக்கினார்.

அன்புப் பெற்றோரே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பார். அவருக்குப் பள்ளிப்படிப்பு இல்லாதிருக்கலாம். அவர் தோண்டிய கிணறு, அவர் நடந்து கடந்த தொலைவு, அவர் பட்ட அவமானம், அவர் வணங்க மறுத்த அதிகாரம் ஆகியவை எந்தப் பாடநூலிலும் வரப்போவதில்லை. இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளையை அவர் அருகே அமரச் செய்யுங்கள். நாளேட்டை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிப்பு முடிந்ததும் அவர் பேசட்டும். பிள்ளை கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.